அரிசிக்குள் வைத்தது

ஆகஸ்ட் மாதத்தில் இர்விங்கில் இட்லி மாவு அடைக்கிறவர்களுக்கு நிம்மதி கிடையாது. வெளியே நூற்றாறு டிகிரி. அரைத்த மாவை டப்பாவில் ஊற்றி, மூடி போட்டு, தேதி ஸ்டிக்கர் ஒட்டி, கூலருக்குள் தள்ளுவதற்குள் அது பொங்கி மூடியைத் தூக்கிவிடும். பெல்ட் லைன் ரோட்டில் ஒரு இந்தியன் கடையின் பின்பக்கச் சமையலறையில் நானும் எழிலரசியும் பார்த்தது அந்த வேலைதான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் நானூறு டப்பா அடுக்கியாக வேண்டும். சனி, ஞாயிறென்றால் பக்கத்து ஊர் காப்பெல்லிலிருந்துகூட வண்டி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

என் பேர் தனபாக்கியம். பெருந்துறைக்காரி. இங்கே அமெரிக்காவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் குமாரசாமி சொல்வார். அதை நான் இத்தனை நாளும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எழில் கோபிச்செட்டிபாளையத்துப் பெண். இன்ஜினியரிங் படித்தவள், முப்பத்தொரு வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் கடையில் வேலை கேட்டு வந்தபோது அவளோடு ஆதிரை என்கிற ஐந்து வயதுப் பெண்ணும், கோர்ட் கொடுத்த ஒரு காகிதமும் வந்தன. புருஷன் இளமாறன் இரண்டு வருஷத்துக்கு அவளுடைய வீட்டுக்கு இருநூறு அடி கிட்டத்தில் வரக் கூடாது, ஃபோன் செய்யக் கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ப்ளேனோவில் அவனோடு இருந்த வீட்டிலிருந்து அவள் ஒரு பள்ளிக்கூடப் பையில் கொண்டு வந்த சாமான்களில் அதைத்தான் ரொம்பப் பத்திரமாக வைத்திருந்தாள்.

எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன்.

"டைவர்ஸ் பண்ணீட்டுப் போக வேண்டீதுதான அம்மிணி?"

"பண்ணுனா விசா போயிரும்ங்க்கா. அவன் பேர்லதான் என்ற விசா. இந்த வேலை பர்மிட்டும் அத வெச்சு வந்ததுதான். ஊருக்குப் போனா எங்கப்பா நாலே நாள்ல சமாதானம் பேசி, மறுக்கா அவன்கூட ஃப்ளைட் ஏத்தி உட்டுருவாரு."

எங்கள் பக்கத்து அப்பாக்களை எனக்கும் தெரியும்.

அந்த ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை, மாவு ஊற்றிக்கொண்டிருந்தவள் கை நிற்காமலே சொன்னாள்.

"அக்கா, நாளைக்கு ரெண்டு பேரும் லீவ் போடலாமுங்களா? ஒரு எடத்துக்கு என்னோட வரோணும்."

"எங்க, கோயிலுக்கா?"

"துப்பாக்கி வாங்க."

நான் கரண்டியை வைத்தேன். அவள் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்து போனபோது அவள் வீட்டு வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருந்திருக்கிறது. உள்ளே ரோஸ் கலர் பட்டுப் பாவாடையும் சட்டையும். இரண்டு வாரத்தில் ஆதிரைக்குப் பிறந்தநாள். 'அப்பா' என்று மட்டும் எழுதிய ஒரு கார்டு.

"சரி, புள்ளைக்குத் துணி அனுப்பியிருக்கான்."

"அனுப்பலைங்க்கா. பொட்டி மேல ஸ்டாம்பு இல்ல, லேபிள் இல்ல, என்ற அட்ரஸ்கூட எழுதல. கையில கொண்டாந்து வெச்சிருக்கான்."

அவள் இருக்கும் அபார்ட்மென்ட் எங்கே என்று நாலு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, வீட்டை வாடகைக்கு விட்ட லீசிங் ஆபீஸுக்கு, வக்கீலுக்கு, அவள் அப்பாவுக்கு. அன்றைக்கே அப்பாவுக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். சேனாபதிக் கவுண்டர் மறைக்கவில்லை. மாப்பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டார், புள்ளைக்குத் துணி அனுப்பணும் என்றார், பெத்தவன் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது என்று அவர் இவளையே திருப்பிக் கேட்டிருக்கிறார்.

இதில் அந்தப் பெரியவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்று கேட்டு, அதை இல்லையென்று சொன்ன மாமனார் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. மகளை அடித்தான் என்று தெரிந்த பிறகும் அவன் வந்தால் கோழி அடித்துத்தான் சோறு போடுவார்கள். அது மரியாதை என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

"போலீஸ்ல சொன்னியா?"

"வந்தாங்க. எழுதிட்டுப் போனாங்க. கேமரா இல்லாம அவன்தான் வெச்சான்னு ப்ரூவ் பண்ண முடியாதாம். வந்தா நைன் ஒன் ஒன் கூப்புடுங்கன்னாங்க. எத்தன நிமிஷத்துல வருவீங்கன்னு கேட்டேன். ஏழெட்டு நிமிஷம்னாங்க." அவள் ஒரு டப்பாவை மூடி அடுத்ததை எடுத்தாள். "ப்ளேனோல நானும் பாப்பாவும் பாத்ரூமுக்குள்ள போயி லாக் பண்ணிக்கிட்டோம். அந்தக் கதவ ஒடைக்க அவனுக்கு ஒரு நிமிஷங்கூட ஆகலைங்க்கா."

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தம், தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துச் சுடுகிற தகரத் துப்பாக்கியோடு முடிந்துபோன சம்பந்தம். இருந்தாலும் வருகிறேன் என்றேன்.

அந்தக் கடை ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம், ஒரு மெத்தைக் கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்தது. உள்ளே ஏசி குளிர் எலும்பைப் பிடித்தது. ஒரு பக்கம் தூண்டில், ஒரு பக்கம் கூடாரம், சுவர் முழுக்க மான் தலை. கடைசியில் நீளமான கண்ணாடி மேசை. அதற்குள் நகைக்கடையில் மோதிரம் அடுக்கியிருப்பதுபோல் வரிசையாகக் கைத்துப்பாக்கிகள். மேசைக்குப் பின்னால் டார்லீன் என்று பேர் குத்திய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அறுபதுக்கு மேல் இருக்கும், நரைத்த பின்னல், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. எழிலின் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் தலையை ஆட்டினாள். இந்த மாதிரி விசாவில் இருப்பவர்களுக்கு விற்க முடியாதாம். பிறகு, வேட்டை லைசென்ஸ் இருந்தால் விற்கலாம் என்றாள். அதே கடையில் தூண்டில் பக்கத்துக் கவுன்டரில் அந்த லைசென்ஸ் கிடைக்கும்.

போய் வாங்கினோம். மானுக்கு இத்தனை, வான்கோழிக்கு இத்தனை என்று சீட்டுச் சீட்டாக ஒரு நீளமான காகிதம் அச்சாகி வந்தது.

"கோழி வெட்டறப்பவே நீ அக்கட்டால போயிருவ. இனி கவர்மென்டே உன்ன மான் சுடச் சொல்லியாச்சு," என்றேன்.

எழில் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

டார்லீன் மூன்று கேள்வி கேட்டாள். இதற்கு முன் சுட்டிருக்கிறாயா? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? யாருக்குப் பயந்து வாங்குகிறாய்? முதல் இரண்டுக்கும் எழில் உடனே பதில் சொன்னாள். மூன்றாவதற்கு, கையில் இருந்த லைசென்ஸ் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். என் புருஷனுக்கு என்றாள். டார்லீன் ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. மேசை மேல் இருந்த பெல்லி டான்ஸ் பொம்மையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டாள்.

ஒரு ஓரத்தில் ரோஸ் கலர் பிடி போட்ட குட்டித் துப்பாக்கி ஒன்று இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

"அதப் பாரு எழில், கைக்கு அடக்கமா இருக்குது," என்று நானும் வியாபாரத்தில் தலையிட்டேன்.

முதல்முறை வாங்க வருகிற எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள் என்றாள் டார்லீன். சின்னது சுலபம் என்று நினைப்பார்கள். ஆனால் சின்னதுதான் சுடும்போது கையைப் பலமாகப் பின்னால் உதைக்கும், ஒரு தடவை சுட்டுப் பயந்துபோய் அலமாரியில் வைத்துவிட்டு அப்புறம் தொடவே மாட்டார்கள். அதை எடுக்காமலே ஒரு ரிவால்வரை எடுத்து வைத்தாள். உருளைக்குள் குண்டு போட்டால் போதும், வேறு வித்தை இல்லை. ஆனால் அதன் விசையை அழுத்த எழிலுக்கு இரண்டு விரல் தேவைப்பட்டது. அழுத்துவதற்குள் முனை நடுங்கி, சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மானுக்கும் மாறி மாறிக் குறி பார்த்தது.

அடுத்தது பிஸ்டல். அதன் மேல்பாகத்தை, ஸ்லைடு என்கிறார்கள், பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் குண்டு உள்ளே ஏறும். எழில் இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். ஆறு மாதமாகத் தினமும் நாற்பது பவுண்டு மாவுப் பாத்திரத்தைத் தூக்கித் தூக்கி அவள் மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடந்தன. ராத்திரி பட்டை கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். மூன்றாவது தடவையும் வராதபோது துப்பாக்கியை விரிப்பின் மேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்குக்கூட எனக்கு வலுவில்லைங்க்கா," என்றாள்.

டார்லீனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புரிந்துவிட்டது. மேசையைச் சுற்றி வந்து எழிலுக்குப் பின்னால் நின்றாள். இழுக்காதே, மேலே இருப்பதை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே இருக்கும் பிடியை முன்னால் தள்ளு என்றாள். இழுக்கப் பலம் இல்லாதவர்களுக்கும் தள்ளப் பலம் இருக்குமாம். கொஞ்சம் லேசான ஸ்லைடு உள்ள வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். எழில் தள்ளினாள். டக்கென்று பின்னால் போய் முன்னால் வந்தது. மறுபடி தள்ளினாள். பத்து தடவை, பதினைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும், சுட விரும்பாத எதையும் நோக்கி முனை திரும்பவே கூடாது என்று டார்லீன் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

எழில் ஒன்று கேட்டாள். இதைப் பார்த்ததுமே அவன் பயந்து போய்விட்டால் சுட வேண்டியிருக்காதுதானே?

டார்லீன் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "காட்டிப் பயமுறுத்த வாங்குவதாக இருந்தால் வாங்காதே, மகளே. உன்னிடம் இது இருப்பது அவனுக்குத் தெரியாத வரைக்கும்தான் இது உன்னுடையது. தெரிந்துவிட்டால், முதலில் இதைத்தான் தேடுவான். அம்மாவிடம் சொல்லாதே. சிநேகிதியிடம் சொல்லாதே." என்னைப் பார்த்தாள். "இந்தம்மாவைத் தவிர."

நான் தலையை ஆட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன்.

கடைக்குப் பின்னாலேயே சுட்டுப் பழகும் இடம் இருந்தது. காதுக்கு மூடி போட்டுக்கொண்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். எழில் முதல் குண்டைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டாள். அது எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்து டார்லீன் அவள் காதருகில் ஏதோ சொன்னாள். பத்தாவது குண்டுக்குள் காகித மனிதனின் வயிற்றில் நாலு ஓட்டை விழுந்திருந்தது. வெளியே வந்தபோது அவள் சந்தோஷமாக இல்லை. முகம் கழுவப் போனவள் ரொம்ப நேரம் வரவில்லை.

ஃபாரம் எல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு, வாங்குகிறவர்களின் போலீஸ் ரிக்கார்டைப் பார்க்கிற கம்ப்யூட்டர் உடனே சரி சொல்லவில்லை. விசாக்காரர்களுக்குச் சில சமயம் அப்படி ஆகும், செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள் என்றார்கள். அதுவரைக்கும் என்ன செய்வது என்று எழில் கேட்டாள். டார்லீன் ரசீதை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒரு பெட்ரூம் வீடு. ஹாலில் மெத்தை போட்டேன். தக்காளிச் சாதம் செய்தேன், ஆதிரை "டூ ஸ்பைஸி" என்று தள்ளிவிட்டாள். இரண்டு நாள் சும்மா இருந்த என் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் சமையலறைக்குள் வந்து மெதுவாகக் கேட்டார்.

"எத்தன நாளைக்குத் தனம்?"

"செவ்வாக்கெழம வரைக்குந்தானுங்க."

"நான் கெட்டவன் இல்ல. நாம கிரீன் கார்டு கியூல நிக்கறம். அவன் இங்க வந்து, போலீஸ் வந்து, ரிப்போர்ட்ல நம்ம பேரு ஏறுச்சுன்னா?"

ஹாலில் டிவி சத்தம் நின்றது. எழில்தான் நிறுத்தினாள். அவளுக்குக் கேட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை துப்பாக்கியை வாங்கிய கையோடு, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், தன் வீட்டுக்கே போய்விட்டாள்.

துப்பாக்கியோடு நம்பர் பூட்டுப் போட்ட ஒரு இரும்புப் பெட்டியும் வாங்கியிருந்தாள். அதைச் சுவரிலோ தரையிலோ திருகி வைக்க வேண்டும். வாடகை வீட்டில் ஓட்டை போடக் கூடாது என்று லீசில் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் வைத்தால் ஆதிரை இழுத்து விளையாடுவாள். அலமாரி மேல் வைத்தால் நாற்காலி போட்டு ஏறுவாள். எழில் அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள்.

"அரிசி டிரம்முல வெய்யி," என்றேன். "நாம எதத்தான் அதுல வெக்கல? புள்ள அதத் தொறக்காது. எவனும் அதுல தேட மாட்டான்."

நாற்பது பவுண்டு அரிசி பிடிக்கும் பிளாஸ்டிக் டிரம் அது. எழில் கையை முழங்கைவரை விட்டுக் குழி பறித்து, பெட்டியை இறக்கி, மேலே அரிசியை நிரவினாள். பகலெல்லாம் அது அரிசிக்குள் இருக்கும். படுக்கப் போகும்போது எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். அந்த நாலு நாளும் வேலைக்கு வந்தபோது அவள் கண்ணுக்கடியில் கருப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. தூங்கினேன் அக்கா என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா நாகலக்ஷ்மி எனக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டார்கள். அட்ரஸ் விஷயத்துக்குப் பிறகு எழில் வீட்டார் ஃபோனை எடுப்பதே இல்லை. அதனால் அந்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று கேட்டுக் கேட்டு அழுதார்கள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே நல்லாயிருக்காளுங்க, நல்லாயிருக்காளுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னத்தக் கண்ணு நல்லாயிருக்கறா? ஒத்தையில கெடக்கறா. என்ற புள்ளய அவன் வெட்டிப் போட்டாலும் கேக்க ஒரு நாதி இல்லையே அங்க."

அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அவ ஒண்ணும் சும்மா இல்ல. துப்பாக்கி வாங்கியாச்சு. நாந்தான் கூடப் போனேன். அரிசி டிரம்முல பத்திரமா இருக்குது. நீங்க நிம்மதியா தூங்குங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னது சத்தியம். அந்தம்மா அழுகையை நிறுத்தினார்கள். ஒரு பெற்ற வயிற்றைக் குளிர வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெண்டைக்காயைத் தாளித்தேன்.

புதன்கிழமை ஆதிரைக்கு ஆறாவது பிறந்தநாள். சாயங்காலம் வேலை முடிந்து ஒரு கேக்கும் கேசரியும் எடுத்துக்கொண்டு போனேன். வெளியே மழை வரும்போல் காற்று. வரவில்லை, வெறும் புழுதி. எழில் எலுமிச்சைச் சாதம் செய்வதற்கு டிரம்மைத் திறந்து, டம்ளரால் அரிசி அளந்துகொண்டிருந்தாள். அப்போது ஃபோன் அடித்தது. கோபியில் விடியற்காலை; பேத்திக்கு வாழ்த்துச் சொல்ல அப்பா கூப்பிடுகிறார். பிறந்தநாள் என்பதால் எழில் எடுத்தாள். கையில் டம்ளர், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆதிரைக்கண்ணு, நூறு வருஷம் நல்லா இருக்கோணும் சாமி."

"தேங்க் யூ, தாத்தா," என்றது குழந்தை. கேக்கைப் பார்க்க ஓடிவிட்டது.

"எழிலு, அப்பா மேல இன்னும் கோவமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா."

"நானும் சும்மா உடல அம்மிணி. நேத்து மாப்பிள்ளை கூப்புட்டப்ப ஒரு வார்த்த சொல்லிப் போட்டேன். என்ற புள்ள துப்பாக்கி வெச்சிருக்கறா, பாத்து நடந்துக்கங்க மாப்பிள்ளைன்னு. கொஞ்சம் பயம் இருக்கட்டும்னுதான்."

எழில் டம்ளரை அரிசிக்குள் விட்டபடியே நின்றாள்.

"அவரு கோவப்படவே இல்ல. சிரிச்சாரு. அரிசி டிரம்முல துப்பாக்கி வெச்சா சோறு எப்ப மாமா ஆக்கறதுன்னாரு. நெம்ப தன்மையாத்தான் பேசறாரு. நீயும் ஒருக்கா நெனச்சுப் பாரு."

"அரிசி டிரம்முன்னு அவனுக்கு எப்படித் தெரியும்ங்கப்பா?"

"நாந்தான் சொன்னேன். எனக்கு உங்கம்மா சொன்னா."

அம்மாவுக்கு யார் சொன்னது என்று எழில் கேட்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான். பிறகு, "வெச்சரட்டுமுங்கப்பா," என்று ஃபோனை அணைத்தாள். அளந்த அரிசியை மறுபடி டிரம்முக்குள் கொட்டினாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கம்மா அழுதாங்க எழில். தைரியமா இருக்கட்டும்னு சொல்லிப் போட்டேன். வேணும்னு பண்ணல சாமி."

"தெரியும்ங்க்கா. யாரும் வேணும்னு பண்ணல. எங்கப்பாவும் வேணும்னு பண்ணல." அவள் குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "டார்லீன் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க."

"எடத்த மாத்தி வெச்சுக்கலாம். இன்னிக்கே மாத்தலாம்."

"எங்க வெச்சாலும் இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. இனி அவன் வெறுங்கையோட வர மாட்டானுங்க்கா." ஆதிரை கேக் வெட்டலாமா என்று இங்கிலீஷில் கத்தினாள். எழில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். மெழுகுவத்தி ஏற்றி, கை தட்டி, பாட்டுப் பாடி, எனக்கும் ஒரு துண்டு ஊட்டிவிட்டாள்.

அன்று ராத்திரி அவர்களை என் வீட்டுக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். வேண்டாம், உங்க வீட்ல அண்ணனுக்குச் சங்கடம் என்றாள். வக்கீலைக் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தாள். நானூறு டப்பாவும் அடைத்தோம். அன்றைக்கு ஒரு டப்பாகூட மூடியைத் தூக்கவில்லை. அவ்வளவு வேகம் அவள் கையில். கிரைண்டரைக் கழுவித் துடைத்தாள். ஏப்ரனை மடித்து ஆணியில் மாட்டினாள். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, "வர்றனுங்க்கா," என்றாள். நாங்கள் யாரும் போகிறேன் என்று சொல்லிப் போவதில்லை. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை காலை பேப்பர் எடுக்கக் கதவைத் திறந்த என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார். வாசலில் அந்த அரிசி டிரம் இருந்தது. அவள் ஃபோன் அணைந்திருந்தது. அபார்ட்மென்ட்டுக்கு ஓடினேன். சாவியை லீசிங் ஆபீஸ் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்; எங்கே போகிறாள் என்று அவர்களிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து சமையலறையில் உட்கார்ந்து டிரம்மைத் திறந்தேன். பாதி அரிசி இருந்தது. கையை விட்டுத் துழாவினேன். பெட்டி இல்லை. ஒரு சீட்டாவது, ஒரு நம்பராவது வைத்திருப்பாள் என்று மொத்த அரிசியையும் தரையில் கொட்டிப் பார்த்தேன். வெறும் அரிசிதான்.

எனக்குக் கோபம் வந்தது. ஒளிப்பானேன், உள்ளதைச் சொல்கிறேன். ஆறு மாதம் கூடவே நின்றவள் நான். என் வீட்டில் படுக்க வைத்தேன், துப்பாக்கிக் கடைவரைக்கும் போனேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று இரண்டு வாரம் பொருமிக்கொண்டிருந்தேன். மாவு அடைக்கப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். அவளிடம் எரிந்து எரிந்து விழுந்தேன்.

மூன்றாவது ஞாயிறு சேனாபதிக் கவுண்டர் கூப்பிட்டார். குரல் உடைந்து போயிருந்தது. பின்னால் அந்தம்மா அழுவது கேட்டது.

"அம்மிணி, எழிலு எங்க இருக்கறா?"

"தெரியாதுங்க."

"எங்க ரெண்டு பேருக்கும் சோறு எறங்கல. மாப்பிள்ளையும் தெனம் கூப்புட்டுக் கேக்கறாரு. அவருக்கும் கவலைதான. நான் என்னன்னு பதில் சொல்றது?"

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் விட்டுப்போன அரிசி.

"கூடவே இருந்தவ நீ. உங்கிட்டச் சொல்லாமயா போயிருப்பா?"

"சொல்லலைங்க."

"ஏன் சொல்லல? உனக்குமா தெரியாம போவா?"

"எனக்குத் தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லீருவனுங்க," என்றேன். "அதுனாலதான்."